அபுவா மொழிக்கு இக்போ மொழிக் கோப்பை வைத்து ஒப்பேற்ற முடியுமா?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் சென்னையில் ஒரு மொழிபெயர்ப்பு நிறுவனத்தில் திட்டப் பொறுப்பாளர். வெள்ளம், மலேரியா, வயிற்றுப்போக்கு பற்றிய ஒரு கைபேசிச் செயலியை ஆறு நைஜீரிய மொழிகளில் தரவேண்டும். ஐந்துக்கு ஆள் கிடைத்துவிட்டது. ஆறாவதாகப் பட்டியலில் இருப்பது ‘அபுவா’. அதற்கு யாரும் அகப்படவில்லை. நைஜீரியாவின் பெரிய மொழிகளில் ஒன்றான இக்போவில் செய்த கோப்பையே கொஞ்சம் மாற்றிக் கொடுக்கலாமா, ஏஐ வைத்து ஒரு வரைவு எடுத்துத் திருத்தலாமா, எத்தனை பேர் பேசுகிறார்கள், எந்த எழுத்து, மூன்று வாரம் போதுமா என்று கேட்டிருக்கிறார். ஐந்து கேள்வி போலத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஒன்றுதான்: இருந்த இடத்திலிருந்தே இதை ஒரு எக்செல் கோப்பாக முடித்து அனுப்பிவிட முடியுமா? முடியாது. ஏன் முடியாது, அப்புறம் என்னதான் செய்யலாம் என்று பார்ப்போம்.

செயலி, அறிக்கை போன்றவற்றை ஊர் மொழிக்கும் வழக்கத்துக்கும் ஏற்ப மாற்றும் இந்த லோக்கலைசேஷன் வேலையில் நான் பதினாறு வருடமாக இருக்கிறேன். அதில் நாலு வருடம் தெற்கு நைஜீரியாவின் போர்ட் ஹார்கோர்ட் நகரத்தில். அபுவா எனக்குப் பேச வராது. அபுவாக்காரர்களோடு பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான். ஆகவே எந்தச் சொல் சரி என்று என்னிடம் கேட்காதீர்கள். வேலையை எப்படி நடத்துவது என்று கேட்டால் சொல்வேன்.

முதல் வேலை, பெயரைச் சரிபார்ப்பது. சிரிக்காதீர்கள். இந்தியாவிலிருந்து ‘அபுவா’ என்று தேடினால் வந்து விழுவது ஜார்க்கண்ட் அரசின் அபுவா ஆவாஸ் வீட்டுத் திட்டம். அங்குள்ள முண்டாரி மொழியில் அபுவா என்றால் ‘நம்முடைய’ என்று பொருள். பழங்குடித் தலைவர் பிர்சா முண்டாவின் பெயரோடு சேர்ந்த ‘அபுவா ராஜ்’ முழக்கத்தில் வருவதும் அதுதான். அதற்கும் இந்த மொழிக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இன்னொரு பக்கம், எழுத்துப்பிழை திருத்தும் கருவி அபுவாவை நைசாக ‘அபுஜா’ ஆக்கிவிடும். அது நைஜீரியாவின் தலைநகரம். மொழிக்கான மூன்றெழுத்துச் சர்வதேசக் குறியீடு ஏ-பி-என். யாராவது யூகித்து ஏ-பி-யூ என்று போட்டுவிட்டால், அது ஐவரி கோஸ்ட்டில் பேசப்படும் அபுரே என்ற வேறு மொழி. ஒப்பந்தத்தில், கோப்பின் பெயரில், செயலியின் மொழிப் பட்டியலில் எல்லாவற்றிலும் இந்த மூன்றெழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். அபுவான் என்று எழுதியிருந்தால் குழம்பவேண்டாம், அதுவும் இதே மொழிதான்.

இடம்: தெற்கு நைஜீரியாவில் ரிவர்ஸ் மாநிலம், அபுவா-ஒடுவால் உள்ளாட்சிப் பகுதி. போர்ட் ஹார்கோர்ட்டுக்கு மேற்கே, சோம்ப்ரேரோ, ஒராஷி ஆறுகளை ஒட்டிய நைஜர் டெல்டா நிலம். மரவள்ளி, கருணைபோல் பெரிதாக விளையும் யாம் கிழங்கு, வாழை, எண்ணெய்ப்பனை, மீன். வடக்கே எக்பேயே பேசுகிறவர்கள், தெற்கே கலபாரி, அக்கம்பக்கத்தில் ஒடுவாலும் எங்கென்னியும். ஒரு மணி நேரப் பயணத்துக்குள் நாலு மொழி மாறும் வட்டாரம் அது.

இக்போவுக்கு வருவோம். அந்தப் பக்கம் சந்தையில் இக்போ நிறையக் காதில் விழும் என்பதால் அபுவாவும் அதன் ஒரு வட்டார வழக்கு என்று நினைத்துவிடுகிறார்கள். இல்லை. இரண்டும் நைஜர்-காங்கோ என்ற மிகப் பெரிய குடும்பத்துக்குள் இருந்தாலும் கிளை வேறு. அபுவா, கிராஸ் ரிவர் கிளையில் மத்திய டெல்டா என்ற சிறு கூட்டத்தைச் சேர்ந்தது. ஒடுவால், ஒக்பியா, குக்போ எல்லாம் கூடப்பிறந்தவை. எஃபிக், இபிபியோ, நைஜீரிய எழுத்தாளர் கென் சாரோ-விவாவின் தாய்மொழியான கானா ஆகியவை ஒன்றுவிட்ட சொந்தம். இக்போ அதைவிடத் தூரத்து உறவு. ஆகவே இக்போ கோப்பை ‘கொஞ்சம் மாற்றுவது’ என்று ஒன்று கிடையாது. அதோடு இது மரியாதைப் பிரச்சினையும்கூட. அபுவாக்காரரிடம் இக்போவில் ஒரு கோப்பைக் கொடுத்து ‘இது உங்கள் மொழிக்கு’ என்றால், அதற்குப் பிறகு நீங்கள் சொல்வது எதுவும் அவர் காதில் ஏறாது.

அப்படியானால் ஒடுவால்? உள்ளாட்சியின் பெயரிலேயே இரண்டும் சேர்ந்துதானே இருக்கிறது, ஒரே கோப்பு போதாதா என்று அடுத்த கேள்வி வரும். மொழிப் பட்டியல்களில் இரண்டுக்கும் சுமார் 70% சொல் ஒற்றுமை என்று போட்டிருப்பார்கள். அந்த எண்ணை ‘நூற்றுக்கு எழுபது புரியும்’ என்று படிக்கக்கூடாது. அது அடிப்படைச் சொற்களின் பட்டியலை ஒப்பிட்டு எடுப்பது. ஒரு தாய், மருந்தின் அளவைக் கேட்டுப் புரிந்துகொள்வாளா என்பதை அது சொல்லாது. அபுவாவுக்குள்ளேயும் மத்திய அபுவா, எமுகான், ஒக்பெடென், ஒடாபா என்று வழக்குகள் உண்டு. மத்திய அபுவா மற்றவர்களுக்குப் புரியும் என்பது பொதுவாக ஏற்கப்பட்டது, நானும் அதை வைத்துத்தான் வேலை செய்தேன். ஆனால் புரிவது வேறு, ‘நம்ம ஆள் பேசுகிறார்’ என்று தோன்றுவது வேறு. எழுதுவது மத்திய அபுவாவில் இருக்கட்டும். போட்டுக்காட்டிச் சோதிப்பது நாலு பக்கமும் நடக்கட்டும்.

எத்தனை பேர் என்ற கேள்விக்கு இணையத்தில் எங்கே பார்த்தாலும் 25,000 என்று கிடைக்கும். அது 1989-ஐச் சேர்ந்த மதிப்பீடு, முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் பழையது. ஒருவர் எழுதியதை இன்னொருவர் எடுத்துப்போட்டு அப்படியே நிலைத்துவிட்டது. 2006 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முழு அபுவா-ஒடுவால் பகுதிக்கும் ஏறத்தாழ 2.8 லட்சம் என்றது. அதில் ஒடுவால்காரர்களும், வெளியூரிலிருந்து வந்து குடியேறியவர்களும் அடக்கம். அந்தக் கணக்கெடுப்பில் இனம், மதம் பற்றிய கேள்விகளை அரசியல் காரணங்களுக்காக எடுத்துவிட்டார்கள் என்பதால் பிரித்துப் பார்க்கவும் வழியில்லை. வாடிக்கையாளருக்கு எழுதும்போது இந்த இரண்டு எண்ணையும், ஒவ்வொன்றும் எதை எண்ணியது என்ற விளக்கத்தோடு கொடுங்கள். நடுவில் ஒரு எண்ணை நீங்களாக உண்டாக்காதீர்கள். அடுத்த வருடம் அதுவே மேற்கோளாகிவிடும்.

எழுத்து ரோமன் எழுத்துதான், ஆனால் புள்ளி வைத்தது. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் வேலை கெட்டுப்போகும் இடம் இதுதான். அபுவாவில் உயிரொலிகள் இரண்டு அணியாகப் பிரிந்து நிற்கும். வித்தியாசம் நம்முடைய குறில்-நெடில் போல நீளத்தில் இல்லை. நாக்கின் அடிப்பகுதி முன்னுக்கு வருகிறதா, பின்னுக்கு இழுபடுகிறதா என்பதில் இருக்கிறது. ஒரு சொல்லுக்குள் பொதுவாக ஒரே அணி உயிர்கள்தான் சேர்ந்து வரும். வேர்ச்சொல் எந்த அணியோ, முன்னால் ஒட்டும் அசையும் அந்த அணிக்கு மாறிக்கொள்ளும். எந்த அணி என்று காட்டுவதற்குத்தான் உயிரெழுத்தின் கீழே புள்ளி. இதற்கு மேல் குரலின் ஏற்ற இறக்கமும் பொருளை மாற்றும். ‘ஓ’ எழுத்தின் கீழே இருக்கும் அந்தத் துளிப் புள்ளி அலங்காரம் இல்லை, அது தனி எழுத்து.

கணினியில் இந்தப் புள்ளியெழுத்தை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ஒரே யூனிகோட் எழுத்தாக, அல்லது எழுத்து தனி, ஒட்டுப்புள்ளி தனி என்று இரண்டாக. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். தேடினால் ஒன்று கிடைக்கும், மற்றது கிடைக்காது. மொழிபெயர்ப்பாளர் ஒரு விதமாகத் தட்டச்சு செய்து, சரிபார்ப்பவர் இன்னொரு விதமாகத் தட்டினால் உங்கள் கலைச்சொல் பட்டியல் பாதி வேலை செய்யாது. ஆரம்பத்திலேயே ஒன்றை முடிவு செய்து எல்லாக் கோப்புகளையும் அதற்கு மாற்றிவிடுங்கள். ஃபாண்டையும் விலை குறைந்த பழைய ஆண்ட்ராய்டு கைபேசியில் போட்டுப் பாருங்கள். அலுவலக மடிக்கணினியில் எல்லாம் அழகாகத்தான் தெரியும்.

இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். டெல்டாவின் வேறொரு சிறு மொழியில் வயிற்றுப்போக்குத் துண்டறிக்கை ஒன்று செய்தோம். மொழிபெயர்ப்பு ஒழுங்காக வந்தது. வடிவமைப்புக்குப் போன இடத்தில் ஃபாண்ட் மாறி, புள்ளிகள் எல்லாம் உதிர்ந்துவிட்டன. மொழி தெரியாத என் கண்ணுக்கு அது தெரியவில்லை, 3,000 பிரதி அச்சாகிவிட்டது. ஊரில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரிடம் பெருமையாக ஒரு தாளை நீட்டினேன். அவர் ஒன்றும் பேசவில்லை. சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, வரிக்கு வரி, எழுத்துக்குக் கீழே ஒவ்வொரு புள்ளியாக வைத்துக்கொண்டே போனார். முடித்துவிட்டுத் தாளை என் பக்கம் திருப்பினார். அந்தப் பக்கத்தில் மட்டும் நாற்பத்தோரு புள்ளி. மிச்சம் 2,999 தாளுக்கும் வைத்துத்தர அவருக்கு நேரமில்லை என்றார். அன்றிலிருந்து அச்சுக்குப் போகும் கடைசிக் கோப்பை மொழிக்காரர் ஒருவர் வாய்விட்டுப் படிக்காமல் நான் கையெழுத்துப் போடுவதில்லை.

ஏஐ விஷயம். கூகுள் ட்ரான்ஸ்லேட் 2024 ஜூனில் ஒரே வீச்சில் 110 மொழிகளைச் சேர்த்தது, அதில் ஆப்பிரிக்க மொழிகள் நிறைய. அபுவா அதில் இல்லை. உரையாடல் ஏஐ-களிடம் கேட்டால் தயங்காமல் ஏதோ ஒன்றை எழுதிக்கொடுக்கும். நான் கேட்டு வாங்கி அபுவாக்காரர் ஒருவருக்கு அனுப்பினேன். ‘இதில் இக்போ இருக்கிறது, வேறு என்னவோ இருக்கிறது, நாங்கள்தான் இல்லை’ என்று வாய்ஸ் நோட்டில் பதில் வந்தது. அபுவாவில் எழுதப்பட்டது இணையத்தில் மிகச் சொற்பம், இயந்திரம் கற்றுக்கொள்ளச் சரக்கு இல்லை. இதில் ஆபத்து என்னவென்றால், இக்போவிலோ யொரூபாவிலோ தப்பு வந்தால் உங்கள் சரிபார்ப்பாளர் பிடித்துவிடுவார். இங்கே பிடிக்க ஆளே இல்லை என்பதுதானே உங்கள் பிரச்சினை? ஏஐ-யை வேறு இடத்தில் வையுங்கள்: மூல ஆங்கிலத்தை எளிமையாக்க, நீண்ட வாக்கியத்தை உடைக்க, அதையே நைஜீரியப் பிட்ஜினில், அதாவது ஆங்கிலமும் உள்ளூர் மொழிகளும் கலந்த பொதுப் பேச்சில், ஒரு வரைவாகத் தர. பிட்ஜின் அங்கே எல்லோருக்கும் பாலம். பிபிசியே 2017-இலிருந்து பிட்ஜினில் தனிச் சேவை நடத்துகிறது. அபுவா மொழிபெயர்ப்பாளரிடம் இலக்கண சுத்தமான ஆங்கிலத்தோடு பிட்ஜின் வரைவையும் கொடுத்தால், அவர் சொல்லைப் பிடித்துத் தொங்காமல் கருத்தைப் பிடித்துக்கொள்வார்.

உங்கள் புரோகிராமரிடம் சொல்லவேண்டியது ஒன்று உண்டு. ‘இத்தனை நாள்’, ‘இத்தனை குழந்தைகள்’ என்று எண்ணை மட்டும் மாற்றிக்கொண்டு போகும் வாக்கியங்கள் செயலியில் இருக்கும். தமிழிலும் ஆங்கிலத்திலும் பன்மை சொல்லின் வாலில் ஒட்டும். அபுவாவில் பெயர்ச்சொற்கள் வகைகளாகப் பிரிந்து, ஒருமையும் பன்மையும் சொல்லின் தலையில், முன்னொட்டில் மாறும். சொல்லைத் தனியாக, ஒட்டைத் தனியாக வைத்து ஒட்டவைக்கும் வேலை ஓடாது. ஒவ்வொரு வாக்கியத்தையும் முழுசாக எழுதி வாங்குங்கள். அப்புறம் எண்கள். அந்த வட்டாரத்தின் பல மொழிகளில் மரபான எண்முறை இருபதை அடியாகக் கொண்டது. ஆனால் நான் பார்த்தவரை பணம், தொலைபேசி எண், மாத்திரைக் கணக்கு என்று வந்துவிட்டால் பேச்சு தானாக ஆங்கில எண்ணுக்குத் தாவிவிடும். ‘தூய’ மொழியில் எண் சொல்லி மருந்தளவைக் குழப்புவதைவிட, அவர்கள் வாயில் வருகிறபடியே விடுவது மேல். இதை நீங்கள் முடிவு செய்யாதீர்கள், கேட்பவர்களிடம் சோதித்துப் பாருங்கள்.

இதெல்லாம் எழுத்தைப் பற்றி. ஆனால் என் முக்கியமான ஆலோசனை, எழுத்தைப் பின்னால் வைத்து ஒலியை முன்னால் கொண்டுவாருங்கள் என்பதுதான். அபுவாவில் எழுத்து இல்லாமல் இல்லை. 1970-இல் கே வில்லியம்சன் போன்ற மொழியியலாளர்கள் முன்னின்று தொடங்கிய ரிவர்ஸ் ரீடர்ஸ் திட்டம், அந்த மாநிலத்தின் சின்னச் சின்ன மொழிகளுக்கெல்லாம் எழுத்துமுறையும் பள்ளி வாசகமும் உண்டாக்கிய அருமையான முயற்சி. புதிய ஏற்பாடு அபுவாவில் வந்திருக்கிறது, 1980-இல் ஒரு அகராதியும் வந்தது. ஆனால் பள்ளியில் நடப்பது ஆங்கிலம். முதல் ஆறு வருடம் தாய்மொழியில் என்று 2022-இல் நைஜீரிய மத்திய அரசு ஒரு மொழிக் கொள்கை கொண்டுவந்தது. 2025 நவம்பரில் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆகவே படிக்கத் தெரிந்தவர் ஆங்கிலத்தில் படிப்பார். அபுவாவில் படிக்கிறவர் பெரும்பாலும் தேவாலயத்தில் பழகியவர். அபுவா எழுத்து மட்டும் கொடுத்தால், ஆங்கிலம் படிக்கிறவருக்கு அது தேவையில்லை, படிக்கவே தெரியாதவருக்கு அது பயனில்லை. நடுவில் ஒரு சிறு கூட்டம்தான் மிஞ்சும். படிக்கத் தெரியாத பாட்டிக்கும், வயிற்றுப்போக்குக் குழந்தையை மடியில் வைத்திருக்கும் தாய்க்கும் வேண்டியது நாற்பது விநாடி வாய்ஸ் நோட். வாட்ஸாப்பில் ஒருவர் கைக்கு வந்தால் மூன்று குழுக்களுக்குப் போகும். ஒலிபெருக்கி கட்டிய ‘கெகே’யில் போட்டாலும் ஊர் கேட்கும். கெகே என்பது நம்ம ஆட்டோதான். ஓசூர்க்காரர்களின் டிவிஎஸ் வண்டியை அங்கே சாலையில் பார்த்தபோது எனக்கு ஒரு சந்தோஷம்.

எழுத்துமுறைக்கு, புதிய ஏற்பாடு எப்படி எழுதியிருக்கிறதோ அதையே பின்பற்றுங்கள். ஏற்கனவே படிக்கிறவர்களின் கண் பழகியது அதுதான். நடைக்கு அதைப் பின்பற்றாதீர்கள். கை கழுவச் சொல்லும் செய்தி ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் மாதிரி ஒலித்துவிடும்.

உள்ளடக்கத்தையும் அப்படியே மாற்ற முடியாது. ‘காய்ச்சல் 48 மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் உடனடியாக மருத்துவ உதவியை நாடவும்’ என்று உங்கள் மூலத்தில் இருக்கும். மணிக்கணக்கை யார் பார்த்துக்கொண்டிருப்பார்கள்? ‘பிள்ளைக்கு நேற்று உடம்பு சுட்டது, இன்றும் சுடுகிறது, காத்திருக்காதே’ என்று இருந்தால் போதும். எங்கே போவது என்பதையும் சொல்லவேண்டும், அந்த ஊர் சுகாதார நிலையத்தின் பெயரோடு. வெள்ளச் செய்தியில் ‘உயரமான மேட்டுக்குச் செல்லுங்கள்’ என்று எழுதியிருப்பார்கள். 2012 வெள்ளமும் 2022 வெள்ளமும் ஒராஷி பக்கத்து ஊர்களை முழுக அடித்தன, தண்ணீர் வாரக்கணக்கில் வடியவில்லை. அங்கே மேடு எங்கே இருக்கிறது? எந்தப் பள்ளிக்கூடம், எந்தச் சாலையோரம் என்று ஊர்க்காரர் சொல்வார். சென்னையிலிருந்து நமக்குத் தெரியாது. படங்களையும் ஒரு கண் பாருங்கள். நைஜீரியா என்றதும் வடக்கத்திய நீள அங்கியும், வறண்ட நிலமும், கைப்பம்பும் வரைந்து அனுப்பிவிடுவார்கள். டெல்டாவில் படகும், சேறும், பனையும் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் ‘இது வேறு யாருக்கோ’ என்று தள்ளிவிட்டுப் போவார்கள்.

ஆளை எங்கே பிடிப்பது? மொழிபெயர்ப்பாளர் இணையதளங்களில் தேடி வாரத்தை வீணாக்காதீர்கள். போர்ட் ஹார்கோர்ட் பல்கலைக்கழக மொழியியல் துறைக்கு ஒரு மின்னஞ்சல், அபுவா தேவாலயங்கள், ஊருக்குள் ஒரு ஆசிரியர், ஒரு செவிலியர். லாகோஸில் வளர்ந்து, ஊருக்குக் கிறிஸ்துமஸுக்கு மட்டும் போகிற இளைஞர் சீக்கிரம் கிடைப்பார், ஆங்கிலமும் அழகாக எழுதுவார். அவரை ஒருங்கிணைக்க வையுங்கள், வாக்கியத்தை ஊரில் இருப்பவர் சொல்லட்டும். ஊர்த் தலைவரிடம் முன்கூட்டியே சொல்லாமல் ஒலிப்பதிவுக் கருவியோடு யாரையும் அனுப்பாதீர்கள். நைஜீரியாவில் விற்கிற அளவுக்கு எண்ணெய் முதன்முதலில் 1956-இல் கிடைத்த ஒலொயிபிரி, அபுவாவின் உடன்பிறப்பு மொழியான ஒக்பியா பேசும் ஊர். வெளியாள் கையில் காகிதத்தோடு வந்து விவரம் கேட்டுப்போனதால் தங்களுக்கு என்ன கிடைத்தது என்ற கணக்கு அந்த டெல்டா முழுக்க எல்லோர் மனசிலும் இருக்கிறது. பதிவு யாருக்குச் சொந்தம், எங்கே ஒலிக்கும், குரல் கொடுத்தவருக்கு எவ்வளவு என்பதை முதல் நாளே எழுதிக்கொடுங்கள். சொல்லுக்கு இவ்வளவு என்று கூலி பேசாதீர்கள். இங்கே ஒரு சொல்லைத் தேர்ந்தெடுக்க மூன்று பேர் ஒரு மத்தியானம் பேசுவார்கள். நாள் கூலிதான் நியாயம்.

மூன்று வாரம்? முழுச் செயலிக்கும் போதாது. வாடிக்கையாளரிடம் இப்படிப் பேசிப் பாருங்கள்: அபுவாவில் முதலில் நாற்பது வாக்கியம், எல்லாம் ஒலி, உயிர் காக்கும் விஷயம் மட்டும், மெனுவும் பொத்தான்களும் ஆங்கிலத்திலேயே இருக்கட்டும், யாருக்கும் நஷ்டமில்லை. ஆள் பிடிக்க மூன்று வாரம், எழுதிப் பேசிப் பார்க்க இரண்டு, நாலு வழக்குக்காரர்களிடம் போட்டுக்காட்ட ஒன்று, திருத்தி மறுபடி பதிவு செய்ய ஒன்று. போட்டுக்காட்டும்போது ‘புரிந்ததா’ என்று கேட்காதீர்கள், எல்லோரும் தலையாட்டுவார்கள். ‘இதைக் கேட்காத உங்கள் தங்கைக்கு என்ன சொல்வீர்கள்’ என்று கேளுங்கள். அவர் திருப்பிச் சொல்வதில் எது விடுபடுகிறதோ, தப்பு அங்கே. வெள்ளம் அங்கே செப்டம்பர் கடைசியில் ஏறி அக்டோபரில் உச்சத்துக்குப் போகும், அதனால் வெள்ளச் செய்திகளின் பதிவை ஆகஸ்டுக்குள் முடித்துவிடுங்கள். அதற்குப் பிறகு ஒலிப்பதிவுக்காரர் ஊருக்குள் போகவே படகு தேடவேண்டிவரும்.